எதிர்ப்பொருள் இருப்பதும் நோயை உண்டாக்குவதும்: எர்ன்ஸ்ட் பியூட்னரின் தோல் ஆய்வுகளை முன்வைத்து

1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் பியூட்னரும், அப்போது மருத்துவ மாணவராக இருந்த ராபர்ட் ஜோர்டனும் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். பெம்பிகஸ் வல்காரிஸ் என்னும் கொப்புள நோய் கண்டவர்களின் சீரத்தில், மேல்தோல் செல்களுக்கு இடைப்பட்ட பகுதியில் போய்ப் படியும் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன என்பதே அதன் செய்தி. தோலின் தன்னெதிர்ப்பு நோய்களைப் பற்றிய இன்றைய பாடநூல் அத்தியாயங்கள் இந்தக் கட்டுரையைச் சொல்லாமல் நகர்வதில்லை. அதே பியூட்னர், பின்னாளில் அதே முறையைக் கொண்டு சொரியாசிஸும் தன்னெதிர்ப்பொருளால் வரும் நோய்தான் என்று வாதிட்டார். 1982-இல் அதற்காகத் தனி நூலே பதிப்பித்தார். அந்த வாதம் நிலைக்கவில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவர்கள் குறைவு. வெற்றி பெற்ற கண்டுபிடிப்பை ஒரு பக்கமும் தோற்றுப்போன கருதுகோளை வேறொரு பக்கமும் பிரித்து வைத்துவிடுவதே வழக்கம். ஆனால் இரண்டும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே சிந்தனை வழியில் பிறந்தவை. தொடக்கத்தில் இரண்டுக்கும் இருந்த சான்று ஏறத்தாழ ஒரே தரத்தது. பெம்பிகஸ் நிலைபெற்றதற்குக் காரணம், அடுத்த முப்பது ஆண்டுகளில் பலர் அதன்மீது நடத்திய கடுமையான சோதனைகளே என்பது இக்கட்டுரையின் வாதம். நோயின் காரணத்தைத் தேடியபோது நாம் காட்டிய அந்தக் கண்டிப்பை, நோயின் சிகிச்சையை மதிப்பிடும்போது காட்டவில்லை என்பது அதன் தொடர்ச்சி. இந்தியாவில் பெம்பிகஸ் நோயாளிகளுக்கு மருந்து எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் நோயைப் பார்ப்போம். பெம்பிகஸ் வல்காரிஸ் பெரும்பாலும் வாயில் தொடங்குகிறது. ஆறாத வாய்ப்புண்ணோடு பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் என்று அலைந்துவிட்டு, மார்பிலும் முதுகிலும் கொப்புளம் எழுந்த பிறகே பலர் தோல் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள். கொப்புளம் தொளதொளவென்று இருக்கும்; சீக்கிரம் உடைந்து, சிவந்த ரணமாகப் பரவும். அதன் பக்கத்திலுள்ள, பார்வைக்கு நன்றாயிருக்கும் தோலை விரலால் அழுத்தித் தள்ளினால் மேலடுக்கு வழுக்கிக்கொண்டு உரியும். கீவ் நகர மருத்துவர் நிக்கோல்ஸ்கி 1896-இல் விவரித்த இந்த அடையாளம் இன்றும் வார்டில் முதல் சோதனை. நம் ஊர் மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட நோயாளியை வாழையிலை பரப்பிய படுக்கையில் கிடத்துவதுண்டு. துணி விரிப்பு ரணத்தில் ஒட்டிக் காய்ந்து, நோயாளி புரளும்போதெல்லாம் தோலைப் பிய்த்துக்கொண்டு வரும், வாழையிலை ஒட்டாது. உடம்பில் பாதித் தோல் இல்லாதவருக்கு அந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன்பு இந்நோய் கண்டவர்களில் நான்கில் மூன்று பேர் கிருமித்தொற்றாலும், நீரும் புரதமும் வடிந்து போவதாலும் மாண்டார்கள்.

நோய் அரிதானது. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் எடுக்கப்பட்ட கணக்கு, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 4.4 புதிய நோயாளிகள் என்றது. அரிதான இந்த நோய் நோயெதிர்ப்பியல் வரலாற்றில் இவ்வளவு இடம் பிடித்ததற்குக் காரணம் தோலின் வசதி. சிறுநீரகத்தையோ மூளையையோ போல அல்லாமல் தோலைக் கண்ணால் பார்க்கலாம். பழுதுபட்ட இடத்திலும் படாத இடத்திலும் அரிசியளவு துணுக்கெடுத்து ஒப்பிடலாம்.

அந்த வசதியை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் திசுநோயியல் அறிஞர்கள். 1943-இல் பாரிஸில் ஆஷில் சிவாத், பெம்பிகஸில் மேல்தோல் செல்கள் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி கழன்று தனித்தனியாக உருண்டு போவதைக் காட்டினார். ஜெர்மனியில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய வால்டர் லீவர் 1953-இல் அதைக் கொண்டு ஒரு பெரிய பிரிவினையைச் செய்தார். மேல்தோலுக்குள்ளேயே செல்கள் பிரிந்து கொப்புளம் எழுந்தால் அது பெம்பிகஸ். மேல்தோல் முழுவதுமாக அடித்தோலிலிருந்து கிளம்பிக் கொப்புளம் எழுந்தால் அது வேறு நோய், பெயர் புல்லஸ் பெம்பிகாய்டு. முன்னது கொல்லும், பின்னது பெரும்பாலும் முதியவர்களுக்கு வந்து, அந்தளவு கொல்லாமல் நாள்பட நிற்கும். அதுவரை ஒரே குடையின் கீழ் கிடந்த இரண்டும் பிரிந்தன. பியூட்னருக்கு லீவர் தந்த அடித்தளம் இதுவே. எந்த இடத்தில் பிரிகிறது என்று துல்லியமாகத் தெரிந்திராவிட்டால், எந்த இடத்தில் எதிர்ப்பொருள் படிகிறது என்பதற்கு ஒரு பொருளும் இருந்திருக்காது.

பஃபலோவின் பங்கு வேறு திசையிலிருந்து வந்தது. அங்கே துறைத்தலைவராக இருந்த எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி, ஹைடல்பெர்கில் ஹான்ஸ் ஸாக்ஸிடம் பயின்றவர். ஸாக்ஸ், பால் எர்லிக்குடன் பணியாற்றியவர். உடல் தன்னைத்தானே தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்க அஞ்சும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எர்லிக் சொன்னது அந்த மரபில் சட்டம் போல ஆகியிருந்தது. விட்டெப்ஸ்கியின் இளம் சகாவான நோயல் ரோஸ், முயலுக்கு அதன் சொந்தத் தைராய்டுப் புரதத்தையே செலுத்தி, அது தன் தைராய்டையே தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்குவதைக் கண்டபோது விட்டெப்ஸ்கி எளிதில் நம்பவில்லை. மீண்டும் மீண்டும் சோதிக்கச் செய்த பிறகே 1956-இல் அது வெளியானது. மறு ஆண்டு அவரும் சகாக்களும் ஒரு நோயைத் தன்னெதிர்ப்பு நோய் என்று சொல்ல வேண்டுமானால் என்னென்ன காட்டப்பட வேண்டும் என்று நிபந்தனைகளை எழுதினார்கள்: எதிர்ப்பொருள் கண்டறியப்பட வேண்டும், அது எந்த ஆன்டிஜெனைக் குறிவைக்கிறது என்று தெரிய வேண்டும், அதே ஆன்டிஜெனுக்கு விலங்கிலும் எதிர்ப்பொருள் எழ வேண்டும், அந்த விலங்கின் அதே திசுவில் மனித நோயைப் போன்ற மாற்றம் வர வேண்டும். தன் குருபரம்பரையின் சட்டத்தைத் தானே உடைக்க நேர்ந்தவர் எழுதிய நிபந்தனைகள் இவை. பியூட்னர் வேலை செய்தது அவருடைய துறையில்தான்.

பியூட்னர் கையாண்ட முறையை ஆல்பர்ட் கூன்ஸ் 1940-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் உருவாக்கியிருந்தார். இன்றும் அது பெரிதாக மாறவில்லை. குரங்கின் உணவுக்குழாயை உறைய வைத்து, மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுகிறார்கள். நோயாளியின் சீரத்தை உப்புக்கரைசலில் நீர்க்கச் செய்து அதன்மேல் ஒரு துளி விட்டு, ஈரம் காயாமல் மூடி வைக்கிறார்கள். அரைமணி கழித்துக் கழுவினால், திசுவில் ஒட்டாத எல்லாம் போய்விடும். ஒட்டிய எதிர்ப்பொருள் மட்டும் தங்கும். அதன்மேல், மனித எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் இன்னொரு எதிர்ப்பொருளை, ஒளிரும் சாயம் பூட்டி, ஊற்றுகிறார்கள். மறுபடி கழுவி, இருட்டறையில் புற ஊதாக் கதிர் பாய்ச்சும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஆப்பிள் பச்சை நிறத்தில் கோடு ஓடுகிறது. கோடுகள் சேர்ந்து மீன்வலை போலத் தெரிகின்றன. கணு தவறாத அந்த வலையை முதன்முதலாகப் பார்ப்பவர் இதுதான் நோயின் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது இயல்பு. பியூட்னர் அப்படி எழுதவில்லை என்பதே அவருடைய முதல் கட்டுரைகளின் பெருமை.

1965-இல் பியூட்னர், லீவர், விட்டெப்ஸ்கி, ஜோர்டன் முதலானோர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை இதை விரித்தது. செல்களுக்கு இடைப்பட்ட ஏதோ ஒரு பொருளுக்கு எதிரானது இந்த எதிர்ப்பொருள் என்றார்கள் அவர்கள். 1967-இல் பெம்பிகாய்டு நோயாளிகளின் சீரத்தில், மேல்தோலும் அடித்தோலும் சேரும் கோட்டில் படியும் வேறோர் எதிர்ப்பொருளைக் கண்டார்கள். லீவர் நுண்ணோக்கியில் பிரித்த இரண்டு நோய்களும், அவர் பிரித்த அதே இடங்களில் ஒளிர்ந்தன. இது சிறிய பொருத்தமல்ல. ஆனாலும் இது நிரூபணம் ஆகாது. திசு ஒருமுறை கிழிந்தால், அதுவரை மறைந்திருந்த புரதங்கள் வெளிப்பட்டு, அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள் எழலாம். அப்போது எதிர்ப்பொருள் நோயின் விளைவாகிவிடும். இந்த ஐயம் வெறும் தர்க்கமாக நிற்கவில்லை. தீக்காயம் பட்ட சிலரின் சீரத்திலும் பெம்பிகஸ் போன்ற எதிர்ப்பொருள் இருப்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. அந்த ஆய்விலும் பியூட்னரின் பெயர் இருக்கிறது. தன் கண்டுபிடிப்புக்கு எதிரான மிக வலுவான கேள்வியை எழுப்பிய சான்றைத் தேடியவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய சோதனை ஒன்றுதான். எதிர்ப்பொருளை மட்டும் எடுத்து நோயற்ற உடலில் செலுத்தினால் நோய் வருகிறதா? 1950-இல் வில்லியம் ஹாரிங்டன், தட்டணுக்கள் குறையும் நோய் கண்ட ஒருவரின் இரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு, தன் தட்டணுக்கள் சரிவதைக் காட்டினார். பெம்பிகஸுக்கு அப்படி யாரும் துணியவில்லை, துணிந்திருக்கவும் கூடாது. 1976-இல் ஷில்ட்ஸ், மிஷல் இருவரும் கண்ணாடிக் கலத்தில் வளர்த்த சாதாரண மனிதத் தோலில் நோயாளிகளின் எதிர்ப்பொருளைச் சேர்த்தபோது செல்கள் பிரிந்தன. 1982-இல் கிராண்ட் ஆன்ஹால்ட், லூயிஸ் டியாஸ் குழுவினர் பிறந்த எலிக்குட்டிகளுக்கு அதைச் செலுத்தினார்கள். குட்டிகளின் தோலில் கொப்புளம் எழுந்தது. திசுச் சீவலில் சிவாத் விவரித்த அதே பிரிவு. ஒளிரும் முறையில் அதே வலை. நோயற்றவர்களின் எதிர்ப்பொருளைப் பெற்ற குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணிப்பில் பெம்பிகஸ் ஆய்வின் திருப்புமுனை 1964 அல்ல, இந்த 1982-தான்.

இயற்கையும் இதே சோதனையைச் செய்து காட்டியிருக்கிறது. பெம்பிகஸ் வல்காரிஸ் உள்ள தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகிறது. சில குழந்தைகள் கொப்புளத்தோடு பிறக்கின்றன. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில வாரங்களில் கரைந்துபோக, குழந்தையின் தோல் ஆறிவிடுகிறது. திரும்ப வருவதில்லை. வந்தது எதிர்ப்பொருளோடு, போனதும் எதிர்ப்பொருளோடு. பெம்பிகஸின் மேலோட்டமான வகையான ஃபோலியேசியஸ் உள்ள தாய்களின் குழந்தைகளுக்கோ பெரும்பாலும் ஒன்றும் வருவதில்லை. ஏன் என்பது மூலக்கூறு தெரிந்த பிறகே விளங்கியது.

அந்த மூலக்கூறைத் தேடியவர்களில் முதன்மையானவர் ஜான் ஸ்டான்லி. பெதஸ்தாவின் தேசிய உடல்நலக் கழகத்தில் அவருடன் ஆய்வு செய்ய ஜப்பானிலிருந்து வந்த மசாயுகி அமகாய், 1991-இல் அவரோடும் சகாக்களோடும் சேர்ந்து, பெம்பிகஸ் வல்காரிஸின் இலக்கு செல்களைப் பிணைக்கும் கெடெரின் குடும்பத்துப் புரதம் ஒன்று என்பதை அதன் மரபணுவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இன்று அதை டெஸ்மோக்ளீன் 3 என்கிறோம். பியூட்னர் நினைத்தது போலச் செல்களுக்கு இடையே கிடக்கும் பொருள் அது அல்ல. செல்லின் மேற்பரப்பிலேயே, பக்கத்துச் செல்லைப் பற்றும் பிடிமுனையாக இருப்பது. 1964-இன் விளக்கம் மாறியது. 1964-இல் கண்ட வலை மாறவில்லை. 1994-இல் அமகாய் குழு அந்தப் புரதத்தின் வெளிப்பகுதியைச் செயற்கையாகத் தயாரித்து, நோயாளியின் சீரத்திலிருந்து அதற்கான எதிர்ப்பொருளை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்சத்தை எலிக்குட்டிக்குச் செலுத்தியது. கொப்புளம் வரவில்லை. சேர்த்தால் நோய் வருகிறது, கழித்தால் வருவதில்லை. 1997-இல் டெஸ்மோக்ளீன் 3 மரபணுவை நீக்கிய எலிகளுக்கு எதிர்ப்பொருள் ஏதுமின்றியே வாயில் பெம்பிகஸ் போன்ற புண்கள் வந்தன. ஒரே முடிவுக்கு மூன்று வழிகளில் வந்து சேர்ந்தாயிற்று.

இதில் மிகவும் நிறைவு தருவது, நோய் எந்த இடத்தில் வருகிறது என்பதற்குக் கிடைத்த விளக்கம். வாயின் உட்தோலில் டெஸ்மோக்ளீன் 3 அதிகம். உடம்புத் தோலிலோ டெஸ்மோக்ளீன் 1 எல்லா அடுக்குகளிலும் உண்டு. டெஸ்மோக்ளீன் 3 அடியடுக்குகளில் மட்டும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும் இடத்தில் பிடி தாங்கும். எனவே 1-க்கு மட்டும் எதிர்ப்பொருள் இருப்பவருக்கு உடம்புத் தோலின் மேலடுக்கு மட்டும் உரியும்; வாய் தப்பும். 3-க்கு மட்டும் இருந்தால் வாய்ப்புண்; இரண்டுக்கும் இருந்தால் இரண்டும். பிறந்த குழந்தையின் தோலில் டெஸ்மோக்ளீன் 3 எல்லா அடுக்கிலும் இருப்பதால்தான், ஃபோலியேசியஸ் தாயின் எதிர்ப்பொருள் அதை வெல்ல முடிவதில்லை. 2000-இல் அமகாய் குழு இன்னொன்றையும் காட்டியது. குழந்தைகளுக்கு வரும் கொப்புளச் சிரங்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சு டெஸ்மோக்ளீன் 1-ஐத்தான் வெட்டுகிறது. எதிர்ப்பொருளும் கிருமியும் வேறுவேறு வழியில் வந்து ஒரே பிடிமுனையை உடைத்தால் தோல் ஒரே அடுக்கில் உரிகிறது. ஒரு விளக்கம், தான் தேடப்போகாத இடத்திலும் பொருந்துவதைவிட நல்ல சான்று வேறு இல்லை.

இனி சொரியாசிஸ். மனிதச் சீரத்தில், மேல்தோலின் இறந்த வெளியடுக்கோடு ஒட்டும் எதிர்ப்பொருள்கள் இருப்பது 1960-களின் இறுதியிலேயே தெரிந்திருந்தது. சொரியாசிஸ் படைகளின் அதே அடுக்கில் எதிர்ப்பொருளும் காம்ப்ளிமென்ட் புரதமும் படிந்திருப்பதைப் பியூட்னரும், வார்சாவின் ஸ்டெஃபானியா யாப்லோன்ஸ்கா முதலானோரும் கண்டார்கள். இயல்பான தோலில் அந்த ஆன்டிஜென் மறைந்திருக்கிறது. சொரியாசிஸில் அது வெளிப்படுகிறது. எதிர்ப்பொருள் போய் ஒட்டுகிறது. வெள்ளணுக்கள் திரள்கின்றன என்பது அவர்களின் வாதம். கேட்பதற்கு ஒழுங்கானது. சொரியாசிஸ் படையின் மேலடுக்கில் வெள்ளணுக்கள் குவிவதையும் அது விளக்கியது.

ஆனால் அந்த எதிர்ப்பொருள் நோயாளிகளிடம் மட்டுமல்ல, ஏறத்தாழ எல்லோரிடமும் இருந்தது. இருக்கட்டும், அது மட்டும் ஒரு கருதுகோளைத் தள்ளப் போதாது. இல்லாமற்போனது பெம்பிகஸைத் தாங்கி நிறுத்திய அந்த மாற்றுச் சோதனை. எதிர்ப்பொருளைச் செலுத்திச் சொரியாசிஸை வரவழைத்து யாரும் நிலைநாட்டவில்லை. வேறொன்றுக்கு அந்தச் சோதனை பலித்தது. 1979-இல் சைக்ளோஸ்போரின் கொடுத்தவர்களுக்குச் சொரியாசிஸ் தணிந்தது தற்செயலாகத் தெரியவந்து, கவனம் டி செல்களின் பக்கம் திரும்பியது. 1996-இல் ரோன்-ஸ்மித், நிக்கலாஃப் இருவரும், எதிர்ப்புச்சக்தி இல்லாத எலியின்மீது ஒட்டவைத்த மனிதத் தோலில் நோயாளியின் சொந்த டி செல்களைச் செலுத்தியபோது சொரியாசிஸ் உருவானது. இன்று அந்நோய்க்குத் தரப்படும் செகுகினுமாப் போன்ற மருந்துகள் டி செல் வழியின் இன்டர்லூக்கின் 17-ஐத் தடுப்பவை. பியூட்னர் கண்ட படிவு உண்மை. அதற்கு அவர் கொடுத்த பதவி பொருந்தவில்லை.

இதை அவருடைய சறுக்கலாகச் சொல்லி ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. படிவைக் கண்டு காரணத்தைக் கருதுவதுதான் அவர் பெம்பிகஸிலும் செய்தது. வேறுபாடு அவருக்குப் பின் நடந்தவற்றில் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு; அதையும் பியூட்னரின் பணியிலேயே காணலாம். வார்சாவின் ததேயுஷ் ஹொஷெல்ஸ்கியோடு சேர்ந்து 1980-களின் முற்பகுதியில் அவர் விவரித்த எண்டோமைசியல் எதிர்ப்பொருள், கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயையும் அதன் தோல் வடிவமான டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸையும் கண்டறியும் மிக நம்பகமான சோதனையானது. அந்த எதிர்ப்பொருள் குடலைப் பழுதாக்குகிறதா என்பது தனிக் கேள்வி. நோயைக் கண்டறிய அந்த விடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆக எதிர்ப்பொருள் காரணமாகவும் இருக்கலாம், அடையாளமாகவும் இருக்கலாம், வெறுமனே கூட நிற்பதாகவும் இருக்கலாம். நுண்ணோக்கியில் மூன்றும் ஒரே பச்சை.

லூபஸ் போன்ற இணைப்புத் திசு நோய்களில் இந்தக் குழப்பம் அன்றாடம் நடக்கிறது. மூட்டுவலி என்று வருபவருக்கு, செல் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனை எழுதப்படுகிறது, பாசிட்டிவ் என்ற தாளோடு அவர் லூபஸ் பயத்தில் மருத்துவர் மருத்துவராக ஏறி இறங்குகிறார். எங் டான் தலைமையில் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவின்படி, 1:40 நீர்ப்பில் ஆரோக்கியமானவர்களில் 31.7 சதவீதம் பேருக்கும், 1:160-இல் 5 சதவீதம் பேருக்கும் அந்தச் சோதனை பாசிட்டிவாக வரும். லூபஸ் நோயாளியின் தோலில் மேல்தோலும் அடித்தோலும் சேரும் இடத்தில் தெரியும் ஒளிர்பட்டையும் அப்படியே. வெயில் படும் தோலில் நோயில்லாதவர்களுக்கும் மங்கலாக அது தெரிவதுண்டு. லூபஸின் எண்ணற்ற எதிர்ப்பொருள்களில் காரணத் தகுதிக்கு அருகில் வருவது ரோ எதிர்ப்பொருள். அதற்கும் சாட்சி நஞ்சுக்கொடிதான். தாயிடமிருந்து அது போய்ச் சேர்ந்த குழந்தைகளில் சிலருக்குத் தோலில் தடிப்பு வந்து சில மாதங்களில் மறைகிறது. சுமார் 2 சதவீதம் பேருக்கு இதயத் துடிப்பைக் கடத்தும் பாதை அடைபடுகிறது. முழுமையாக அடைபட்டால் அது சரியாவதில்லை.

பெம்பிகஸிலேயே கூட, காரணம் என்று நிரூபிக்கப்பட்ட எதிர்ப்பொருள் எல்லோருக்கும் நோய் தருவதில்லை. பிரேசிலின் மாட்டோ கிராஸோ டோ சுல் மாநிலத்தில் லிமாவ் வெர்டே என்னும் தெரேனா பழங்குடிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஃபோகோ செல்வாஜம் எனப்படும் பெம்பிகஸ் ஃபோலியேசியஸ் நூற்றுக்கு மூவர் அளவில் காணப்பட்டது; உலகில் வேறெங்கும் கேட்டிராத செறிவு. லூயிஸ் டியாஸும் பிரேசில் மருத்துவர்களும் பல ஆண்டுகள் அங்கே தங்கிச் சீரம் சேகரித்தார்கள். 2000-இல் வெளியான ஆய்வில் நோயாளிகள் 51 பேரில் 50 பேருக்கு டெஸ்மோக்ளீன் 1 எதிர்ப்பொருள் இருந்தது. அங்கேயே வாழும் நோயற்ற 93 பேரில் 51 பேருக்கும் இருந்தது. பாதிக்கு மேல்! விட்டெப்ஸ்கியின் முதல் நிபந்தனை மட்டும் கையில் இருந்திருந்தால் இந்த ஒரு கணக்கே கருதுகோளைக் கவிழ்த்திருக்கும். ஆய்வு ஆழமானபோது வேறுபாடு புலப்பட்டது. நோயற்றவர்களின் எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தின் செல்லை ஒட்டிய கடைசிக் கண்ணியைப் பற்றுகிறது. நோயாளிகளுடையது பக்கத்துச் செல்லைப் பிடிக்கும் முனைக் கண்ணிகளைப் பற்றுகிறது. நோய் தொடங்கும்போது ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள் வகையின் 4-ஆம் உட்பிரிவு ஏறுகிறது. மணல் ஈயின் உமிழ்நீரிலுள்ள ஒரு புரதத்துக்கும் டெஸ்மோக்ளீன் 1-க்கும் எதிர்ப்பொருள் குறுக்கே ஒட்டுவது 2012-இல் காட்டப்பட்டது. பூச்சிக்கடியில் தொடங்கிய எதிர்ப்பு இலக்கு மாறித் தோலுக்குத் திரும்புகிறது என்ற கருத்து இன்று வலுப்பெற்றிருக்கிறது. ஓலைக் கூரையும் மண்சுவருமாய் ஆற்றோரம் வாழ்ந்த எளியவர்களின் நோய் இது. அவர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்துதான் தன்னெதிர்ப்பு எப்படித் தொடங்குகிறது என்பதற்கு நம்மிடமுள்ள மிகத் தெளிவான சான்று கிடைத்தது.

சிகிச்சைக்கு வருவோம். 1950-களில் ஸ்டீராய்டு வந்து உயிர்களைக் காத்தது. லீவரே அதிக அளவு பிரெட்னிசோனை ஆதரித்தவர். பல வேளைகளில் நோயாளி நோயிலிருந்து தப்பி மருந்தால் செத்தார். 1980-களின் தொடக்கத்தில் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஜே. எஸ். பஸ்ரிச்சா ஒரு மாற்றைக் கண்டார். 1984-இல் ராம்ஜி குப்தாவோடு சேர்ந்து அதை வெளியிட்டார். 100 மில்லிகிராம் டெக்ஸாமெதசோனைக் குளுக்கோஸில் கலந்து மூன்று நாள் தொடர்ந்து நரம்பில் ஏற்றுவது. அதில் ஒருநாள் 500 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு சேர்ப்பது. 28 நாளுக்கு ஒருமுறை இதைத் திருப்பிச் செய்வது. இடைப்பட்ட நாள்களில் தினமும் 50 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு மாத்திரை. புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் தொடர்ந்து, பிறகு மாத்திரை மட்டும், பிறகு அதையும் நிறுத்தி நோயாளியைக் கண்காணிப்பது. தினமும் ஸ்டீராய்டு விழுங்கி முகம் உப்பி எலும்பு உளுத்துப்போகும் நிலை இதில் குறைந்தது. விலை உயர்ந்த மெதில்பிரெட்னிசோலோனுக்குப் பதில் மலிவான டெக்ஸாமெதசோனை அவர் தேர்ந்தது, நோயாளியின் மடியைத் தொட்டுப் பார்த்துச் செய்த தேர்வு. டி.சி.பி. என்ற மூன்றெழுத்தில் அது இந்தியத் தோல் மருத்துவத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது. ஏராளமானோர் மருந்தின்றி வாழும் நிலைக்கு வந்தார்கள்.

பஸ்ரிச்சாவின் சாதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். அதனாலேயே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்குப் பின் நோய் தணிந்தது என்பது, சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தது என்பதற்கு ஒப்பான சான்று. அந்தக் கலவையில் எது வேலை செய்தது? நாளொன்றுக்குச் சுமார் 660 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு நிகரான அந்த மூன்று நாள் டெக்ஸாமெதசோனா, தினசரி சைக்ளோபாஸ்பமைடா, மாதந்தோறும் மருத்துவமனைக்கு வந்தே தீர வேண்டிய ஒழுங்கா? ஜெர்மனியில் 22 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2005-இல் வெளியான ஒப்பீடு, வழக்கமான மாத்திரைச் சிகிச்சைக்கும் டி.சி.பி.க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காட்டவில்லை. 22 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அதைக் கொண்டு டி.சி.பி.யைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தொடர்வரிசையாக இத்தனை பேர் குணமானார்கள் என்ற கணக்கைக் கொண்டு அதை நிறுவவும் முடியாது. சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும், மாதவிலக்கை நிறுத்தும், கருவுறும் வாய்ப்பை அழிக்கும். குழந்தை பெற வேண்டியவர்களுக்கு அதை விலக்கி அசதயோபிரின் தரப்பட்டதே, சைக்ளோபாஸ்பமைடுக்கு உடல் கொடுக்கும் விலை எவ்வளவு என்பது தெரிந்திருந்ததைக் காட்டுகிறது.

எதிர்மாறாக ரிட்டக்ஸிமாப் நடந்த பாதையைப் பாருங்கள். எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்களை அழிக்கும் அந்த மருந்து 1997-இல் லிம்போமாவுக்கு வந்தது. பெம்பிகஸில் தனித்தனி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தன. அதோடு நிற்காமல் பிரான்ஸின் பாஸ்கல் ஜோலி 90 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார். 2017-இல் வந்த முடிவு: இரண்டாண்டு முடிவில் மருந்தின்றி முழுக்கத் தணிந்திருந்தவர்கள் ரிட்டக்ஸிமாப் பிரிவில் 89 சதவீதம், பிரெட்னிசோன் மட்டும் பெற்ற பிரிவில் 34 சதவீதம். அடுத்த ஆண்டு அமெரிக்கா ஒப்புதல் தந்தது. மூலக்கூறு தெரிந்துவிட்டால் சிகிச்சை தானே பலிக்கும் என்பதும் இல்லை. உடலின் ஐஜிஜி முழுவதையும் குறைக்கும் எஃப்கார்டிஜிமாட், தர்க்கப்படி பெம்பிகஸுக்கு ஏற்ற மருந்து. 2023 இறுதியில் அறிவிக்கப்பட்ட மூன்றாம் கட்டச் சோதனையில் அது தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஒப்பீட்டுப் பிரிவில் ஸ்டீராய்டு பெற்றவர்களும் நன்கு தேறியிருந்தார்கள். குலுக்கல் முறைச் சோதனை இல்லாமல் அதையும் ஒரு வெற்றியாகவே நாம் எழுதி வைத்திருப்போம்.

ஹைதராபாதில் 2007 முதல் மலிவு வகை ரிட்டக்ஸிமாப் தயாரிக்கப்படுகிறது. இருந்தும் அந்த விலையையும் தாங்க முடியாதவர்களும், நாள்பட்ட காசநோயோ ஹெபடைடிஸ் பி-யோ உள்ளதால் அதைத் தர இயலாதவர்களும் நம் மருத்துவமனைகளில் ஏராளம். அவர்களுக்காக, டெக்ஸாமெதசோன் மட்டும் ஏற்றும் பிரிவு, டி.சி.பி. பிரிவு, குறைந்த அளவு ரிட்டக்ஸிமாப் பிரிவு என்று குலுக்கிப் பிரித்து, டெஸ்மோக்ளீன் 1, 3 எதிர்ப்பொருள் அளவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிறுத்திய பின்னும் இரண்டாண்டு தொடரும் ஒரு சோதனையை இந்தியாவின் பெரிய தோல் துறைகள் சேர்ந்து நடத்த முடியும். நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள், டி.சி.பி.யில் நாற்பது ஆண்டுப் பழக்கமும் இங்கேதான் இருக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு தேவையில்லை என்று அந்தச் சோதனை காட்டுமானால், இருபத்தைந்து வயதில் பெம்பிகஸ் கண்ட ஒரு பெண்ணுக்கு அதை எழுத எந்த மருத்துவருக்கும் காரணம் இருக்காது.